வாசற்படிச் சபை

கசாப்புக்காரர் அன்றைக்குச் சீக்கிரமே வந்துவிட்டார். சூரியன் மறைய இன்னும் நேரமிருந்தது. பழைய ஐஸ் ஃபேக்டரியின் பின்பக்க ஷட்டரை அவர் தட்டிய தட்டலில் அவசரம் இருந்தது.

சமையல்காரர் கையில் சாக்குத்துணியைச் சுற்றிக்கொண்டு ஷட்டரை ஒரு சாண் மட்டும் தூக்கினார். சந்து வழியாக உள்ளே விழுந்த வெளிச்சத்தைத் தொடாமல் தூக்குப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக இழுத்தார்.

"ஆட்டு ரத்தம்தானே? போன வாரம் மாதிரி தண்ணி கலக்கலையே?"

"யோவ், பாலா விக்கிறேன், தண்ணி கலக்க? கிண்டலை அப்புறம் வச்சுக்கலாம். ஆபரேட்டரம்மாவைக் கூப்பிடு."

ஆபரேட்டர் வந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த நாளில் நின்றுபோன இளமை முகம். தலையில் மாட்டும் ஹெட்போன் அழுத்தி அழுத்தி வகிட்டுக்குக் குறுக்கே விழுந்த பள்ளம்கூட இன்னும் மாறவில்லை. அதற்குப் பிறகு எக்ஸ்சேஞ்சையே இடித்து, அங்கே வேறு கட்டடம் கட்டி, அதற்கும் வயதாகிவிட்டது.

"உங்க தங்கச்சிக்கு ரொம்ப முடியலம்மா" என்றார் கசாப்புக்காரர், ஷட்டருக்கு வெளியே குனிந்தபடி. "டாக்டர் வந்து பாத்துட்டு, சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்கன்னுட்டாரு. இன்னிக்குப் பொழுதைத் தாண்டறதே பெரிசாம்."

அவர் கடை அந்தத் தெரு முனையில்தான் இருக்கிறது. வாராவாரம் அந்த வீட்டைப் பற்றி விசாரிக்கும் ஆபரேட்டரின் முகமும், அந்த வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் பழைய போட்டோவிலுள்ள முகமும் ஒன்றுதான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

"இன்னொண்ணு. சொல்லலாமா வேணாமான்னு தெரியல."

"சொல்லுங்க."

"அவங்க பொண்ணு என்கிட்ட அழுதுச்சு. அம்மாவுக்குப் புத்தி பிசகிடுச்சுங்குது. படுக்கையில ஒரே பேச்சாம். 'அக்கா வந்தா. வந்து வாசல்லயே குனிஞ்சு பாசிமணியை எண்ணிட்டு இருந்தா. எண்ணி முடிக்கறதுக்குள்ள போயிட்டா. எத்தனை தடவை வந்தாலும் இதே கூத்துதான். நான் சீப்பைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்தே இருக்கேன்'னு."

ஆபரேட்டரின் கையிலிருந்த தூக்கு மூடி தரையில் விழுந்து, உருண்டு, சுழன்று அடங்கியது.

பாசிமணி எண்ணுகிற விஷயம் இந்தச் சுவர்களுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. தெரியவும் முடியாது.

ஊர்வாயில் அவர்களுக்கு ரத்தக்காட்டேரிகள் என்று பெயர். அவர்களோ தங்களைச் சபை என்று சொல்லிக்கொண்டார்கள். பகலும் இரவும் சந்திக்கும் அந்தியை வணங்கும் துறவிகள். மனிதரைக் கடிப்பதில்லை. உறவுக்காரர் வாசலில் நிற்பதில்லை; பசி முதலில் அடையாளம் கண்டுகொள்வது சொந்த ரத்தத்தைத்தான். இந்த இரண்டு சத்தியங்களையும் செய்து கொடுத்த பிறகுதான் ஃபேக்டரிக் கதவு திறக்கும்.

சேரும்போது ஒவ்வொருவரும் ஒரு பொருளைக் கொண்டுவர வேண்டும். பிறந்து வளர்ந்த வீட்டின் வாசற்படிக் கட்டை.

அவர்களைப் போன்றவர்கள் ஒரு வீட்டுக்குள் நுழைய, அந்த வீட்டு ஆள் யாராவது 'உள்ளே வா' என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் கதவு திறந்தே கிடந்தாலும் காற்று கல்லாகி நெஞ்சில் இடிக்கும். சபையின் மந்திரம் அந்தத் தடையிலிருந்தே பிறந்தது. வாசற்படிக் கட்டைக்கு, தனக்கு உரியவரைக் கடைசியாகக் கூப்பிட்ட அழைப்பு நினைவிருக்கும். அந்தி நேரத்தில் கட்டையைக் கூடத்தின் நடுவே வைத்து, சபையார் சுற்றி உட்கார்ந்து, சொட்டு ரத்தம் கலந்த எண்ணெயில் திரியேற்றி ஓதினால், கட்டைக்கு அந்தப் பக்கம் வாசல் திறக்கும். பழைய குரல் கூப்பிடும். கட்டைக்கு உரியவர் தாண்டிப் போனால், அழைக்கப்பட்ட அந்த நாளுக்குள்ளேயே நிற்கலாம். வெயில் சுடாது. பசி எடுக்காது. திரி எரியும்வரை.

அந்த நாளில் அந்த வீட்டிலிருந்தவர்களில் ஒருவராவது இன்று உயிரோடு இருக்கவேண்டும். கடைசி ஆளும் போய்விட்டால் அது வெறும் கட்டை. அடுத்த சடங்கின் எண்ணெயைக் காய்ச்சும் அடுப்புக்குப் போய்விடும்.

சமையல்காரரின் கட்டை எப்போதோ எரிந்துவிட்டது. தபால்காரரின் கட்டையும். சபைத் தலைவியான பெரியம்மா, ஒரு காலத்தில் ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்தவள், தன் கட்டையைத் தானே அடுப்பில் வைத்தாள். மிச்சம் இருந்தது ஆபரேட்டரின் கட்டை ஒன்றுதான். அவளுடைய அப்பா வாசலைப் புதுப்பித்தபோது தச்சன் தெருவில் தூக்கிப்போட்டதை இருட்டில் எடுத்து வந்தது.

அதனால் அவள் போய்வரும் அந்த ஒரு மதியம் எல்லோருக்குமான மதியமாகிவிட்டது. திரும்பி வந்ததும் சூழ்ந்துகொள்வார்கள்.

"வெயில் எந்தப் பக்கம் விழுந்துச்சு?" பெரியம்மாவின் முதல் கேள்வி எப்போதும் இதுதான்.

"ஜன்னல் பக்கமா. கம்பி நிழல் தரையில வரி வரியா."

"சூடு?"

"தரை வெதுவெதுன்னு இருந்துச்சு. துவைச்ச துணி காயற வாசனை."

"உங்க அம்மா என்ன பண்ணிட்டு இருந்தாங்க?" தபால்காரர்.

"உள்ள தையல் மெஷின் சத்தம் கேட்டுச்சு."

"பாத்தியா?"

"இல்ல. சத்தம் மட்டும்தான்."

அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் எல்லோருக்கும் அதே வியாதிதான்.

சிதறியதைக் கண்டால் எண்ணவேண்டும். கடுகோ, மணலோ, உடைந்த கண்ணாடியோ, கீழே கொட்டிக் கிடந்தால் போதும், கழுத்து தானாகக் குனிந்துவிடும். கடைசி ஒன்றுவரை எண்ணாமல் கால் நகராது. இதை வெல்லத்தான் சபையில் தினமும் கடுகுப் பயிற்சி. ஒருவரும் வென்றதில்லை.

அந்த மதியம் ஆபரேட்டர் காலை ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பினாள். தங்கச்சி கூடத்தில் பாசிமணி கோத்துக்கொண்டிருந்தாள். அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டதும் துள்ளி எழுந்ததில் டப்பா கவிழ்ந்தது. "அக்கா, உள்ள வா, தலை பின்னி விடு!"

நிஜத்தில் அன்றைக்கு ஆபரேட்டர் சிதறிய மணியைத் தாண்டிப் போய், "கொஞ்சம் தூங்கிட்டு வந்து பின்றேன்டி" என்று படுத்துவிட்டாள். எழுந்தபோது ராத்திரி டூட்டிக்கு நேரமாகிவிட்டது. யாருக்கோ லீவு, இவள்தான் பதிலுக்குப் போகவேண்டும். ஓடினாள். டூட்டி முடிந்து வரும் வழியில் நடந்தது நடந்தது. வீட்டுக்கு அவள் வரவேயில்லை.

மந்திரத்தில் திரும்பிப் போகும்போதோ, அந்த மணிகளைத் தாண்டவே முடியவில்லை. குனிந்துவிடுவாள். எண்ணி முடிப்பதற்குள் திரி தீர்ந்துவிடும். ஒருமுறை கண்ணைக் கட்டிக்கொண்டு போனாள். உருளும் சத்தத்தை வைத்துக் காது எண்ணியது. காதிலும் பஞ்சு வைத்துப் பார்த்தாள். உள்ளங்கால் எண்ணியது.

"பசி வர்றதில்ல, வெயிலும் சுடறதில்ல. இந்தப் பாழாப்போன எண்ணுற புத்தி மட்டும் டிக்கெட் இல்லாம கூடவே வந்துடுது" என்பார் சமையல்காரர்.

போகட்டும், படம் பார்ப்பது மாதிரிதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள் ஆபரேட்டர். தரையில் விழுந்த வெயிலாவது கிடைக்கிறதே.

படமில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது.

"அவ அங்கயே இருக்கா பெரியம்மா." ஆபரேட்டரின் குரல் நடுங்கியது. எத்தனையோ பேரின் சாவுச் செய்தியை அசராமல் இணைத்துக் கொடுத்த குரல். "நான் போன ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஞாபகம் இருக்கு. அத்தனை தடவையும் சீப்போட காத்துட்டு இருந்திருக்கா. இன்னிக்கே போகணும்."

"திரி?"

எல்லோரும் சுவரோரம் இருந்த மரப்பெட்டியைப் பார்த்தார்கள். திரி எந்தத் துணியிலும் திரிக்க முடியாது. கட்டைக்கு உரியவர் மனிதராக இருந்தபோது கடைசியாக உடுத்தியிருந்த துணிதான் வேண்டும். ஆபரேட்டரின் நீலநிற யூனிஃபார்ம் புடவையில் மிச்சம் இருந்தது ஒரு விரற்கடை அகலக் கிழிசல்.

"ஒரே ஒரு திரி வரும்" என்றார் தபால்காரர். "அதுவும் குட்டையா."

"அது மணி எண்ணவே பத்தாது" என்றாள் ஆபரேட்டர்.

ஷட்டர் சந்தில் விழுந்த வெளிச்சம் மஞ்சளிலிருந்து செம்மைக்கு மாறிக்கொண்டிருந்தது.

சமையல்காரர் தலையைச் சொறிந்தார். "ஏம்மா, போன மாசம் நான் கடுகு டப்பாவைத் தட்டிவிட்டேனே, ஞாபகம் இருக்கா?"

"நல்லா இருக்கு. அன்னிக்கு ரெண்டு பேரும் தரையில தவழ்ந்தோம்."

"நீ பாதியிலதான் இருந்தே. நான் முந்திக்கிட்டு முடிச்சுட்டு 'முடிஞ்சது'ன்னேன். உடனே உன் கழுத்து நிமிர்ந்துச்சே!"

பெரியம்மா மெல்லத் திரும்பினாள். "யார் எண்ணி முடிச்சாலும் விட்டுடும்ங்கறியா?"

"ஆமா பெரியம்மா. கணக்கு முடியணும், அவ்வளவுதான். யாரு முடிச்சாங்கன்னு அதுக்குக் கவலை இல்ல."

"ஆனா படிக்கு அந்தப் பக்கம் நான் மட்டும்தானே அண்ணே போக முடியும்?"

"நாங்க ஏன் வரணும்? இங்க உக்காந்தே எட்டிப் பாத்தா தெரியாதா?"

சமையல்காரர் சொன்னது சாதாரண விஷயமில்லை. வளையத்தில் உட்கார்ந்து ஓதுகிறவர்கள் கண்ணைத் திறக்கவே கூடாது என்பது சபையின் விதி. அந்த வெயில் கட்டைக்கு உரியவரைச் சுடாது. மற்றவர்களுக்கு அது சாதாரண வெயில். கண்ணை இறுக மூடி, தலையைக் குனிந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் இத்தனை காலமும் ஓதியிருக்கிறார்கள்.

"பொசுங்கிடுவோம்" என்றார் தபால்காரர்.

"கொஞ்சம்தானே" என்றார் சமையல்காரர். "அடுப்படியில நிக்காத ஆளா நான்?"

"எனக்காக யாரும்…" ஆபரேட்டர் ஆரம்பித்தாள்.

"உனக்காகன்னு யாருடி சொன்னா?" பெரியம்மா எழுந்தாள். "இத்தனை வருஷமா நீ வந்து சொல்லச் சொல்லக் கேட்டுட்டே இருக்கேன். வரி வரியா வெயிலாம், வெதுவெதுன்னு தரையாம். எனக்கும் ஒரு தடவை பாக்கணும். திரியைத் திரிங்க!"

கட்டையை நடுக்கூடத்தில் வைத்தார்கள். நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கால்கள் மிதித்த குழி. ஐஸ் பாளங்களை அடுக்கிவைத்த பழைய மேடைகளில் சபையார் சுற்றி உட்கார்ந்தார்கள். கம்பளிகளை ஓரமாக வீசிவிட்டார்கள். ஆளுக்கொரு சொட்டு ரத்தம் எண்ணெயில் விழுந்தது. நீலத் திரி பற்றியது.

"அந்தியே வாசல், அந்தியே விளக்கு. அழைத்த குரலே, இன்னொரு முறை அழை."

ஆபரேட்டர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டையின் முன் நின்றாள். உள்ளங்காலில் கட்டையின் சூடு ஏறத் தொடங்கியது. அணைந்துவிடுமோ என்று அவள் பயந்த சூடு. இன்னும் இருக்கிறது. தங்கச்சி இன்னும் இருக்கிறாள்.

"அக்கா, உள்ள வா, தலை பின்னி விடு!"

தாண்டினாள்.

வெயில். துவைத்த துணியின் வாசனை. உள்ளறையில் தையல் மெஷின் கடகடத்தது. தரையெல்லாம் பாசிமணி. சிவப்பு, நீலம், மஞ்சள், ஜன்னலடி வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கழுத்து குனிந்தது. முட்டி மடங்கியது. விரல் நீண்டது. ஒன்று, இரண்டு…

பின்னால் ஃபேக்டரிக் கூடத்தில் பெரியம்மாவின் குரல்: "கண்ணைத் திறங்க!"

யாரோ விம்மினார்கள்.

"அய்யோ… எவ்வளவு வெளிச்சம்" என்றார் தபால்காரர்.

"வாயைப் பொளந்தது போதும்யா, எண்ணு! சிவப்பு எனக்கு!" சமையல்காரர் கத்தினார். "நீலம் உனக்கு. மஞ்சளைப் பெரியம்மா பாத்துக்கட்டும். கதவுக்குப் பின்னாடி ஒண்ணு ஓடுது, அது யாரு கணக்கு?"

"நீலம்தான், என்னோடது! எண்ணிட்டேன்!"

"மூஞ்சி எரியுதுடா சாமி!"

"எரியட்டும், எண்ணு!"

கருகும் நெடி கட்டையைத் தாண்டி ஆபரேட்டரின் மூக்குக்கு வந்தது. அவளால் திரும்ப முடியவில்லை. விரல் தன்பாட்டில் எண்ணிக்கொண்டிருந்தது. திரியின் சுடர் பாதிக்கு இறங்கியதை முதுகில் உணர்ந்தாள்.

"நீலம் முடிஞ்சது!"

"மஞ்சள் முடிஞ்சது."

"சிவப்பு… இரு, இரு… அந்தப் பொண்ணு கால் விரலுக்கு இடையில ஒண்ணு… முடிஞ்சது!"

முதுகுத்தண்டில் கட்டியிருந்த கயிற்றை யாரோ வெட்டிவிட்டது போலிருந்தது. ஆபரேட்டர் நிமிர்ந்தாள். காலைத் தூக்கி வைத்தாள். பாதத்தின் கீழே மணிகள் நறநறத்தன. எண்ணத் தோன்றவில்லை.

தங்கச்சி வெயில் வரிகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் சீப்பு, இரண்டு ரிப்பன்கள். பாவாடையெல்லாம் நூல் துணுக்கு.

"அப்பாடா! எண்ணி முடிச்சியா ஒருவழியா?"

"முடிச்சுட்டேன்டி."

"ஒவ்வொரு தடவையும் நீ குனிஞ்சா நிமிர மாட்டேங்கற. எனக்கு உக்காந்து உக்காந்து காலெல்லாம் மரத்துப்போச்சு."

"திரும்பி உக்காரு."

முடியில் எண்ணெய் வாசனை. உச்சியில் சீப்பு சிக்கியது. "மெதுவாக்கா! வலிக்குது!" என்று தங்கச்சி தோளைக் குலுக்கினாள். ஆபரேட்டரின் விரல்கள் எக்ஸ்சேஞ்ச் போர்டில் வயர்களை மாற்றி மாற்றிச் செருகிய விரல்கள். மூன்று பிரி போட்டு இழுப்பது அவற்றுக்கு மறந்துபோயிருக்கவில்லை. ஒரு பக்கம் பின்னி, மடித்து, ரிப்பன் கட்டினாள்.

"யாருடி அது வாசல்ல இத்தனை பேரு?" உள்ளேயிருந்து அம்மாவின் குரல். தையல் மெஷின் நின்றது.

"அக்கா கூட வேலை பாக்கறவங்கம்மா!" தங்கச்சி கட்டைக்கு அப்பால் பார்த்துக் கையசைத்தாள். "எல்லாரும் ஏன்க்கா அழறாங்க?"

"வெயில் கண்ணு கூசுது அவங்களுக்கு."

"உள்ள வந்து உக்காரச் சொல்லேன்."

"இன்னொரு நாளைக்கு வருவாங்க. தலையை ஆட்டாத."

இரண்டாவது பின்னல். வெயிலின் ஓரம் மங்கத் தொடங்கியது. ஜன்னல் கம்பியின் நிழல் கரைந்தது. ஆபரேட்டர் வேகமாகப் பின்னினாள். நுனியை மடித்தாள். ரிப்பனைச் சுற்றினாள். முடிச்சு வழுக்கியது. மறுபடி சுற்றினாள்.

"அக்கா."

"என்ன?"

"இன்னிக்கு ராத்திரி டூட்டிக்குப் போகாத."

கை நின்றது. உள்ளறையிலிருந்து அம்மா நடந்து வரும் வளையல் சத்தம். நிலைப்படி வரை வந்துவிட்டாள். இன்னும் ஒரு எட்டு வைத்தால் முகம் தெரியும்.

"போகல" என்றாள் ஆபரேட்டர். "இனிமே எங்கயும் போகல." ரிப்பனை இறுக்கிப் பூ மாதிரி விரித்துவிட்டாள். "முடிஞ்சது. எந்திரி, அம்மாகிட்டக் காட்டு."

தங்கச்சி எழுந்து ஓடினாள். இரண்டு பின்னலும் தோளில் துள்ளின. அவள் அறை வாசலை அடைந்ததையும், ஒரு கை நீண்டு அவளை அணைத்து உள்ளே இழுத்துக்கொண்டதையும் ஆபரேட்டர் பார்த்தாள்.

திரி அணைந்தது.

ஃபேக்டரி இருட்டில் கட்டையின் மேல் நின்றுகொண்டிருந்தாள். காலுக்கடியில் அது சடசடவென்று விரிசல் விட்டது. பிறகு குளிர்ந்துபோனது. எல்லோரும் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்த சத்தம்தான்.

"எரியுதா?" ஆபரேட்டர் கேட்டாள்.

சமையல்காரரின் மூக்கும் நெற்றியும் கொப்பளித்திருந்தன. தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "வெயில்ல அலைஞ்சு கறுத்துட்டேன்மா" என்றார். சொல்லும்போது அப்படியொரு பெருமை.

பெரியம்மா தன் இரு கைகளையும் விரித்து வைத்திருந்தாள். புறங்கை சிவந்து தோல் உரிந்திருந்தது. "வரி வரியாத்தான் இருந்துச்சு" என்றாள். "நீ கொஞ்சம்கூட கூட்டிச் சொல்லல."

மறுநாள் அந்தியில் கசாப்புக்காரர் வந்தார். தூக்குகளைக் கொடுத்துவிட்டும் போகாமல் நின்றார்.

"நேத்து பொழுது சாயறப்போ முடிஞ்சுபோச்சும்மா. கஷ்டப்படல. சிரிச்ச மாதிரியே போயிட்டாங்களாம்." இன்னும் கொஞ்சம் குனிந்தார். "ஆனா ஒரு விஷயம். இருந்த நாலு வெள்ளை முடி ரெட்டைப் பின்னலா இருக்கு. நுனியை மடிச்சு, ரிப்பன் கட்டி, பூ மாதிரி விரிச்சு. அவங்க பொண்ணு சத்தியம் பண்ணுது, யாரும் கிட்டப் போகல, வீட்டுல ரிப்பனே இல்லைன்னு. இங்க இருந்து யாராச்சும்…"

"நாங்க சொந்தக்காரங்க வாசல்ல நிக்கறதில்ல" என்றாள் ஆபரேட்டர்.

"அது சரி" என்றார் அவர். "அந்தப் பொண்ணு அதை அவிழ்க்கவேண்டாம்னு சொல்லிட்டுது. அப்படியே கொண்டுபோனோம்." வேறெதையும் கேட்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

வழக்கப்படி இறந்த கட்டை அடுப்புக்குப் போகவேண்டும். தபால்காரர் தூக்கக் குனிந்தவர் பாதியில் நின்றார். "எந்தச் சடங்குக்கு எண்ணெய் காய்ச்ச? இனிமே யாரோட கட்டை இருக்கு?"

எல்லோரும் பெரியம்மாவைப் பார்த்தார்கள்.

"நம்ம முன்வாசலுக்குப் படியே கிடையாது, கவனிச்சிருக்கீங்களா?" என்றாள் பெரியம்மா. "லாரி வந்து போறதுக்காக வச்ச வாசல். கால் வச்சு ஏற ஒண்ணும் இல்ல."

விரிசலில் தார் பூசினார்கள். முன்வாசல் ஷட்டருக்குக் கீழே, சிமெண்ட் பெயர்ந்த இடத்தில் கட்டையைப் பதித்தார்கள். இருள் முழுவதும் இறங்கியதும் ஆபரேட்டர் வெளியே போய்த் தெருவைப் பார்த்தபடி நின்றாள். எங்கோ ஒரு வீட்டில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை கேட்டாள். திரும்பினாள். தேய்ந்த குழியின் முன்னால் வந்ததும் பழக்கதோஷத்தில் நின்றுவிட்டாள். ஃபேக்டரிக்கு அழைப்பு தேவையில்லை. அது யாருடைய வீடும் இல்லை. இத்தனை காலமும் அப்படித்தான் போய்வந்திருக்கிறாள். ஆனாலும் இன்றைக்குக் காற்று லேசாக நெஞ்சில் இடித்தது.

உள்ளே எதுவோ கவிழும் சத்தம்.

"போச்சு, கடுகு!" சமையல்காரரின் குரல். "ஏம்மா ஆபரேட்டர், அங்க என்ன வேடிக்கை? உள்ள வா. வந்து பாதியை நீ எண்ணு!"

உள்ளங்காலில் கட்டை மெல்லச் சூடாவது தெரிந்தது. ஆபரேட்டர் அதை மிதித்து, உள்ளே போனாள்.